பாசி தின்ன மூன்று பணியிடங்கள்

ஒருவருக்கு ஊரை ஆளும் திறமை உண்டா என்று அறிய ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டியதில்லை. அவர் மேசைமேல் இருக்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தால் போதும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலராக வீற்றிருக்கும் நாறும்பூநாதன் இதை நிரூபித்த மகான்.

ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் சொன்ன யோசனை அது. ஓரடித் தொட்டியில் பன்னிரண்டு சிவப்பு இறால். தினமும் அரை மணி நேரம் பார்த்தால் மனம் அமைதியாகும். பார்த்தார், ஆனது. ஒரு திங்கட்கிழமை கண்ணாடியெல்லாம் பாசி படர்ந்திருக்கக் கண்டு அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. இந்தத் தண்ணீரில் வாயில்லா ஜீவன்கள் எப்படி வாழும்?

அந்த நேரம் பார்த்துத்தான் கீழத்தெரு ரெங்கம்மாள் மனுவோடு வந்து நின்றாள். அவர்கள் தெருக் குடிநீர்த் தொட்டியைக் கழுவி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"ஐயா, கொழாயத் தெறந்தா தண்ணி பச்சையா வருது. நாலு பிள்ளையளுக்கு வயித்தால போவுது."

"பாசி எவ்வளவு கொடுமைன்னு எனக்குத் தெரியாதாம்மா? இங்கன பாரு!" என்று இறால்களைக் காட்டிக் கண் கலங்கினார். மனு 'பரிசீலனை'க்குப் போனது.

அன்று மாலையே 'பாசி உண்ணும் மீன் தேர்வுக் குழு' அவசரமாகக் கூடியது. உறுப்பினர்கள் இளநிலை உதவியாளர் ஜெயசித்ரா, வரி வசூலிக்கும் சொரிமுத்து. சிறப்பு அழைப்பாளர் வண்ணமீன் கடை யாசர்.

"டேங்க் கிளீனர்னு ஒரு மீனு உண்டு. நல்ல உருப்படி. அதப் போடுவோம்" என்றார் சொரிமுத்து.

"அண்ணாச்சி, அது ஒன்னரை அடி வளரும். தொட்டியே ஒரு அடிதான்" என்றான் யாசர்.

"வால மடக்கி வச்சுக்கிடாதா?"

குழு ஆழ்ந்து யோசித்தது. யாசர் இன்னொரு மீனைப் பற்றிச் சொன்னான். "இது சின்னதுல பாசி திங்கும். பெருசாயிட்டுன்னா வேல பாக்காது, மத்ததப் போட்டு அடிக்கும்."

"அந்த மாதிரி நம்ம ஆபீஸ்ல ஏற்கெனவே உண்டு" என்றாள் ஜெயசித்ரா.

கடைசியில் 'ஓட்டோ' என்ற மீன் தேறியது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. இறாலைத் தொடாது, சண்டைக்குப் போகாது, பாசியை விட்டு நிமிராது. இப்படி ஓர் ஊழியரை அந்தப் பேரூராட்சி அதுவரை கண்டதில்லை. ஒற்றையாய் விட்டால் மிரளும் என்பதால் மூன்று 'பணியிடங்கள்' தோற்றுவிக்கப்பட்டன.

நான்கு நாள் மீன்கள் மாடாய் உழைத்தன. ஐந்தாம் நாள் வேலையை நிறுத்திவிட்டு, பார்வையாளர் நாற்காலியைப் பார்த்தபடி கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. விசாரணை நடந்தது.

"ஸார், வீட்டு பிளானுக்கு வாரவுக, காண்ட்ராக்டருமாருக எல்லாரும் ஒங்க மனசு குளிரட்டும்னு ஆளுக்கொரு சிட்டிகை தீனி போடுதாவ. சும்மா இருந்தே வயிறு நெறஞ்சா எவன் வேல பாப்பான்?" என்றாள் ஜெயசித்ரா.

நாறும்பூநாதன் கொதித்துப்போனார். உடனே அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'பணியில் இருக்கும் மீன்களுக்குப் பொதுமக்கள் எதுவும் கொடுக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.'

"இதுல ஒண்ணு பிளான் செக்‌ஷன்லயும் ஒட்டிருவமா ஸார்?"

"இது மீனுக்கு மட்டும்தாம்மா."

மீன்கள் பணிக்குத் திரும்பின. கண்ணாடி பளபளத்தது. ரெங்கம்மாளும் ஒரு திங்கட்கிழமை விடாமல் வந்தாள். ஐந்தாம் முறை வந்தபோது கீழத்தெருவில் வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகள் ஒன்பது. அதில் ஒருத்தி அவளுடைய கடைசி மகள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மேசைமுன் வந்து நின்றாள்.

நாறும்பூநாதன் பெருமிதத்தோடு தொட்டியை அவள் பக்கம் திருப்பினார்.

"பாத்தியாம்மா? ஒரு பொட்டுப் பாசி உண்டா? மனசு வச்சா முடியாதது இல்ல!"

அவள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள்.

"ஐயா, இதுல ரெண்டு எறாலு எனக்குத் தாங்க."

"எதுக்கும்மா?"

"எங்க தெருத் தொட்டிக்குள்ள விடதுக்கு. எங்க பிள்ளையளு குடிக்குற தண்ணின்னு சொன்னா கழுவ மாட்டேங்கிய. ஒங்க எறாலு கெடக்குன்னா ஓடி வருவீயல்லா?"