வெண்ணிலா வளர்த்த டிரைவர்

நாகலூர்,
எஸ்டேட் லயன், கடைசி வீடு.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன் மகன் மாதேஷுக்கு, அத்தை சின்னத்தாயி எல்லா நலமும் கோரி எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். அங்கே நீயும் உன் பெண்சாதி மேகலாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் நான் போன் செய்தால் உடனே எடுத்து "மீட்டிங்ல இருக்கேன் அத்தை" என்று சொல்லி வைத்துவிடும் அளவுக்கு உனக்குத் தெம்பு இருக்கிறது. கடிதத்திடம் மீட்டிங் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள் சாமி.

விஷயம் இதுதான். நம் வெண்ணிலா வளர்த்த டிரைவரை அனாதை என்று எழுதி வைக்கப் போகிறார்களாம். நீ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். படித்ததும் சிரிக்காதே, முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

டிரைவர் என்றால் என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும், நீயும் கம்ப்யூட்டர்காரன்தான். எனக்குத்தான் விளங்க நாளானது. வீட்டிலிருந்தே பார்க்கும் கம்பெனி வேலை முடிந்த பிறகும் வெண்ணிலா அந்த லேப்டாப் பெட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "இன்னும் என்ன கண்ணு வேல?" என்றால், "டிரைவர் வேலம்மா" என்பாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு டிரைவர் வேல? இந்தக் கொண்டை ஊசி வளைவுல ஜீப்பு ஓட்டற செங்கோடனே தடுமாறுறான்" என்றேன். "வண்டி ஓட்டற டிரைவர் இல்லீம்மா, டைமர் டிரைவர்" என்றாள். "பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதுவாரே டைம் கீப்பர், அவராட்டமா?" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒன்னு இருக்கும்மா. எல்லாருக்கும் அதுதான் வேலையப் பிரிச்சுக் குடுக்கோணும். ஆனா அதுக்கு நேரந்தெரியாது. பக்கத்துல ஒரு கடிகாரச் சிப்பு உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்கும். இன்ன நேரத்துக்கு என்னைய எழுப்பி உடுன்னு கெர்னல் கேக்கும். சிப்புக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் சொல்றதுதான் டிரைவர்." அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. "நம்ம எஸ்டேட் ரைட்டராட்டமா? மேனேஜர் சொல்றத, காலைல பேர் எடுக்கற மஸ்டர்ல வந்து நம்மகிட்டச் சொல்றாரே, அப்படியா?" என்றேன். "அதேதாம்மா. ஆனா இது நடுவுல சொந்தமா ஒன்னும் சேத்துச் சொல்லாது" என்றாள். அந்தச் சிப்பைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டதாம். ஆனாலும் எங்கெங்கோ பால் குளிர வைக்கிற இடங்களிலும் தண்ணீர் மோட்டார்களிலும் அது இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறதாம். கெர்னல் அடிக்கடி புதுசாகிக்கொண்டே இருக்குமாம், ஒவ்வொரு தடவையும் டிரைவரை அதற்குத் தகுந்த மாதிரி சரி செய்து வைக்காவிட்டால் அந்தப் பெட்டிகள் தூங்கினால் எழுந்திருக்காதாம். கண் காணாத ஊரில் இருக்கும் பால் கெடக் கூடாது என்று என் மகள் ஏற்காட்டுக் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று சேலத்துக்குக் கூட்டிப் போனேன். நடந்துதான் பஸ் ஏறினாள். திரும்பி வந்தது எப்படி என்பது உனக்குத் தெரியும், நீயும் தோள் கொடுத்தாய்.

அவள் போன பிறகு அந்தப் பெட்டியை நான் மூடவில்லை. சார்ஜரைப் பிடுங்கவும் இல்லை. கரண்டு போனால் அடுப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிப்போய் அதைத்தான் பார்ப்பேன். அதில் எப்போதாவது "டிங்" என்று ஒரு மணி அடிக்கும். அடித்தால் ஓரத்தில் ஒரு வரி வரும். அந்த வரியின் தொடக்கத்தில் "ஹாய் வெண்ணிலா" என்று இருக்கும். இங்கிலீஷில் அவள் பெயரை மட்டும் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், பள்ளிக்கூட நோட்டு அட்டையில் பார்த்துப் பார்த்துப் பழகியது. காப்பி பழம் பறித்துவிட்டு வந்து கால் கழுவும்போது அந்த மணி கேட்டால், "அவ உள்ள இருக்காளுங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிடும். இந்த ஊரில் அவள் பெயரைச் சொன்னால் நான் அழுவேன் என்று ஒருவரும் சொல்வதில்லை மாதேஷ். பக்கத்து வீட்டுக் காவேரிகூட "உங்க பாப்பா" என்றுதான் சொல்கிறாள், அதுவும் குரலைக் குறைத்து. அந்தப் பெட்டி ஒன்றுதான் பயமில்லாமல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில், ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றையும் துடைக்கிறோமே, புள்ளையின் பெட்டியை விடலாமா என்று ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து எழுத்துப் பலகையை ஒரு இழுப்பு இழுத்தேன். அது விர்ரென்று ஏதோ செய்தது. திரையில் இத்தனை நாளாகத் திறந்திருந்த ஒரு கட்டத்தைக் காணோம். துணியால் துடைத்தால் இதுகூடவா போய்விடும் என்று நான் அதன் மேலேயே பொட்டு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு போன். சூசைமாணிக்கம் என்று ஒரு தம்பி, சென்னையில் இருக்கிறாராம், வெண்ணிலாவை நேரில் பார்த்ததே இல்லையாம், மெயிலிலேயே பழக்கமாம். என்னவோ ஒருமுறை அவசரத்துக்கு வாங்கி வைத்த நம்பராம். "வெண்ணிலா இருக்காங்களா? இத்தனை நாளா சத்தமே இல்லை, நேத்து ஒரு மெயில் வந்துச்சு, அதுவும் விளங்கல, அதான் கேட்கலாம்னு..." என்றார். அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். அப்புறம் அவர் மெதுவாக, வெண்ணிலா பெயரில் நேற்று போன மெயிலில் என்ன இருந்தது என்று வாசித்துத் தமிழில் சொன்னார். "தாமதத்துக்கு மன்னிக்கவும், எனக்குக் காய்ச்சல், நாளைக்குப் பார்த்துவிடுகிறேன்" என்று இருந்ததாம். அதற்குக் கீழே ஒரே எழுத்து வரிசையாக ஒரு முழம் நீளத்துக்கு இருந்ததாம்.

காய்ச்சல் கண்ட அன்றைக்கு அவள் எழுதி அனுப்பாமல் விட்ட பதில் அது. என் ஈரத்துணி அனுப்பிவிட்டது. நான் கேட்டேன், "ஏனுங்க தம்பி, அந்த மெயிலு போய்ச் சேந்த ஆளு என்னங்க சொன்னாரு?" ஜெர்மனிக்காரராம். உடனே பதில் போட்டிருக்கிறார்: "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. ஆனால் கடைசி வரி எனக்குப் புரியவில்லை, அதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து மறுபடி அனுப்ப முடியுமா?" நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை, சூசைமாணிக்கம் தம்பியும் அப்படித்தான் இருந்தார்.

கடைசியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கெர்னலில் ஒவ்வொரு டிரைவருக்கும் பார்த்துக்கொள்கிறவர் பெயர் போட்டிருக்குமாம். பெயருக்குரியவர் இல்லை என்று தெரிந்துவிட்டால், வேறு யாரும் ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் அந்த இடத்தில் ஆர்ஃபன் என்று போடுவார்களாம். "அது வழக்கமா போடுற வார்த்தைம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். எனக்கா தெரியாது அந்த வார்த்தை? டவுனுக்குப் போகிற வழியில் சிஸ்டர்மார் நடத்துகிற இல்லத்தின் போர்டில் "ஆர்ஃபனேஜ்" என்று தமிழ் எழுத்திலேயே இருப்பதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். "அவளப் பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அதெப்படிங்க அனாதைன்னு எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். பாவம், நல்ல பிள்ளை, "மன்னிச்சுருங்கம்மா" என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அனாதையாக்காமல் எடுத்துக் கொடுப்பதற்கு அந்த இல்லத்தில் ஏதாவது வழி தெரியும் என்று அடுத்த பஸ் பிடித்துப் போய்விட்டேன். வயசான சிஸ்டர் ஒருவர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரித்தார். "குழந்தை யாரோடதும்மா?" "குழந்தை இல்லீங்க சிஸ்டர், டிரைவர்." "ஓ, டிரைவரோட குழந்தையா? அப்பா தவறிட்டாரா?" "இல்லீங்க, டிரைவர் நல்லாத்தானுங்க இருக்குது. வளத்தவதான் போயிட்டா." "டிரைவருக்கு வயசு என்ன?" "ஏழெட்டு இருக்குமுங்க." சிஸ்டர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் நான் மகள் இறந்துபோனதைச் சொன்னதும் அவருக்கு டிரைவர் விளங்கவில்லை, மற்றதெல்லாம் விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் வரைக்கும் கேட் பக்கம் நின்றார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் காவேரியிடம் புலம்பினேன், "வெண்ணிலா பாத்த டிரைவர் வேலைக்கு ஆள் இல்லாமக் கெடக்குது காவேரி, கெர்னலுக்கு ஒரு ஆளு வேணும்" என்று. எனக்கு முன் சீட்டில் வேலையில்லாத டிரைவர் செல்லப்பன் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நாகலூர், பக்கத்து ஊர் வாழவந்தி முழுக்கச் செய்தி போய்விட்டது, மிலிட்டரி கர்னல் ஒருத்தர் பங்களா வாங்கியிருக்கிறாராம், டிரைவர் தேடுகிறாராம், சின்னத்தாயிதான் ஆள் பிடித்துக் கொடுக்கிறாளாம். செல்லப்பன் லைசென்ஸ் ஜெராக்ஸோடு வந்து நிற்கிறான். "அக்கா, எனக்கு ஹெவி லைசென்ஸே இருக்குதுங்க்கா. எந்த பங்களாங்க?" "பங்களா எல்லாம் இல்லீடா, அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கெர்னல்" என்றேன். "அதுக்குள்ள உக்காந்துதான் ஆளுங்கள வேல வாங்குவாராக்கும்? இப்ப எல்லாரும் அப்படித்தானுங்க" என்றான். "சம்பளமே கிடையாதுடா" என்றேன். அவன் அசரவில்லை. "சம்பளம் இல்லீன்னாப் போகுதுங்க்கா, மிலிட்டரி கேன்டீன்ல மாசம் ரெண்டு பாட்டில் மட்டும் சொல்லி வாங்கிக் குடுங்க." அவனுக்குப் பின்னால் செங்கோடன் வேறு ஜீப்பைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான், கர்னலுக்குச் சொந்த வண்டி இல்லாவிட்டால் தன் வண்டியையே ஓட்டலாமாம். இரண்டு பேரும் என் வாசலில் எவனுக்கு முதலில் சொன்னது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதனால்தான் சாமி உன்னைக் கேட்கிறேன். உங்கப்பன், என் அண்ணன் கருப்பண்ணன், உனக்கு வெண்ணிலாவைக் கேட்டு வந்தபோது, "எந்நேரமும் கம்ப்யூட்டரையே பாக்கற புள்ள எனக்கு வேண்டாம்" என்று நீ சொல்லிவிட்டாய். இப்போது நீ பெங்களூரில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? சரி, அதைக் கிளறவில்லை. அவளும் உன்னை வேண்டாம் என்றுதான் சொன்னாள், உன் மனசு நோகும் என்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டோம். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அவளைத்தான் கட்டவில்லை, அவள் டிரைவரையாவது எடுத்துக்கொள். மேகலாவிடம் முன்னாடியே சொல்லிவிட்டு எடு, டிரைவர் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ எடுத்துக்கொண்டாலும் மெயில் இங்கேயும் வந்துகொண்டிருக்கட்டும். வேலை உனக்கு, மணி எனக்கு.

வேறு விசேஷமில்லை. மேகலாவுக்கு என் அன்பு. அண்ணனை மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கச் சொல். சேர்வராயன் சாமி உங்கள் இருவரையும் குழந்தை குட்டியோடு நிறைவாக வைக்கட்டும்.

உன் அத்தை,
சின்னத்தாயி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சூசைமாணிக்கம் தம்பி போன் செய்தார். டிரைவரை எடுத்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டதாம். பிரேசில் என்று ஒரு ஊராம், அங்கே அந்தச் சிப்பு இன்னும் பாலைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறதாம். அனாதை என்று எழுதவே இல்லையாம், வெண்ணிலா பெயரை நன்றி சொல்லி வேறு இடத்தில் எழுதிவிட்டார்களாம். ஆகையால் நீ ஒன்றும் எடுக்க வேண்டாம், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. "அப்ப இனிமேட்டு இங்க மணி அடிக்காதுங்களா?" என்று கேட்டேன். தம்பி, "கெர்னல்காரங்க எல்லாரும் பேசிக்கிற மெயில் ஒன்னு இருக்கும்மா, அதுல வேணா சேத்து விடலாம், ஆனா நீங்க தாங்க மாட்டீங்க" என்றார். "வரட்டுமுங்க" என்றேன். அவர் போனில் சொல்லச் சொல்ல ஒரு பொத்தானை அமுக்கினேன். அதிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது சாமி, சோறு உண்ண விடவில்லை. காவேரி எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, ஊட்டுக்குள்ளயே கோயில் வச்சுப்போட்டீங்களா?" என்கிறாள். உலகத்தில் இத்தனை பேரா பேசிக்கொள்கிறார்கள்! ஒருத்தரும் வெண்ணிலாவைக் கேட்கவில்லை. இருந்தாலும் வந்து வந்து பார்க்கிறேன். சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் எது என்று மட்டும் உடனே எழுது. நிறுத்துகிற பொத்தானை எழுதிவிடாதே.