காது கேளாத கார்

தெரியாத வேலையில் மனிதன் கவனமாக இருப்பான். அரைகுறையாகத் தெரிந்த வேலையில்தான் ஆடுவான். இதை நான் எங்கும் படித்துச் சொல்லவில்லை. நயினார்கோவில் பக்கம் என் தாய்மாமன் வீட்டு வாசலில், பாதிச் சொந்தபந்தம் வேடிக்கை பார்க்க, ஆடிக் காட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

செல்போனில் பொத்தான்கள் இருந்த காலம். சென்னையில் கார் மெக்கானிக் படிப்பு முடித்து, கையில் ஒரு ஸ்கேனரோடு பரமக்குடிக்குத் திரும்பியிருந்தேன். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு போர்ட் இருக்கும். அதில் ஸ்கேனரின் பிளக்கைச் செருகினால், வண்டிக்கு எங்கே என்ன கோளாறு என்று திரையில் வந்துவிடும். அதுவரை எங்கள் பக்கத்தில் மெக்கானிக் என்றால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்பவர்தான். (அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படவும் ஆரம்பித்திருந்தேன்.)

மாமா மகள் முத்துலட்சுமியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கும் சம்மதம். மாமாவுக்குத்தான் என் தொழில் மேல் நம்பிக்கை இல்லை. அவருடைய புதுக் காரில் சில நாட்களாக, ஸ்டியரிங்குக்கு முன்னால் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"விஜயதசமி அன்னைக்கு வந்து அந்த வெளக்க அமத்துலே. அமத்திட்டேன்னா தையில கல்யாணம். இல்லைன்னா ராம்நாட்டுல இருந்து வாத்தியார் மாப்பிள்ளை கேட்டு வந்திருக்காக, பேசி முடிச்சிருவேன்" என்றார்.

முதல் நாள் ஆயுத பூஜைக்கே போய் இறங்கிவிட்டேன். அரிவாள், மண்வெட்டி, பம்புசெட், கார் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்தி பொங்கியது. சந்தனக் கிண்ணத்தை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவி, போர்ட்டைக் கண்டுபிடித்தேன்.

"மத்தவுக பானட்டுக்கு வைப்பாக மாமா. நான் வண்டியோட காதுக்கே வைக்கிறேன்" என்று தாராளமாக அப்பினேன். மாமா நெகிழ்ந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து பிளக்கைச் செருகினேன். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. புது வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கேனருக்குக் கரண்டே அந்தப் போர்ட்டிலிருந்துதான் வர வேண்டும். திரை இருட்டாகவே இருந்தது. சாவியைப் போட்டு எடுத்தேன். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன.

பூஜைக்கு வந்திருந்த உறவினர் ஒருவரின் காரில் செருகிப் பார்க்கலாம் என்று பிளக்கை உருவினேன். பின்களில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். கமகமவென்று வாசம் வேறு. பூஜை நடந்த வீடு, வாசம் வரத்தானே செய்யும்? அந்தக் காரில் ஸ்கேனர் பளிச்சென்று உயிர்த்தது. மாமா காரில் மறுபடியும் செத்தது.

சென்னையில் பாடம் நடத்திய சாருக்குப் போன் போட்டேன். "டார்ச் அடிச்சுப் போர்ட்டுக்குள்ள பாத்தியா?" என்றார். "பாத்துட்டேன் சார்" என்றேன். (படித்தவனிடம் இப்படியா கேட்பது என்று எனக்குக் கோபம்.)

பிற்பகலுக்குள் காரின் உள்பாகம் பாதி, வாசலில் பாய் மேல் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு திருகாணியை எடுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வைத்தார்கள். கடைசியில் நான் எழுந்து, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

"மாமா, வண்டியோட மூளை போயிருச்சு."

மாமா காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கார் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது.

"இதுக்கு மூளை இருக்குலே" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அந்த வாத்தியார் வீட்டு நம்பர் எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை கதவோரம் நின்றிருந்த முத்துலட்சுமி, டார்ச் லைட்டோடு வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"மச்சான், நேத்து காதுக்கு வச்ச சந்தனம் காது நிறைய இருக்கு" என்றாள் சிரிப்புக்கு நடுவே.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, அவள் கொடுத்த ஊக்கால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். ஒயரை மாட்டி பிளக்கைச் செருகியதும் திரை எரிந்தது, கோளாறும் தெரிந்தது. சென்சார் ஒயர் ஒன்றை எலி கடித்திருந்தது. ஒட்டுப் போட்டு, பதிவான கோளாறை அழித்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது.

மாமா குனிந்து, அணைந்த விளக்கை விரலால் தட்டிப் பார்த்தார். "சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா வெளக்க அமத்துனது நீயா, எம் மகளான்னு எனக்கு வெளங்கலலே" என்றார். தையில் கல்யாணம் நடந்தது. நலங்கில் யாரோ என் கன்னத்தில் சந்தனம் பூச வந்தபோது, "காத அடைச்சிராதீக" என்று மாமா பந்தலே கேட்கக் கத்தினார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் மிக்சி ஓடாவிட்டாலும், டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், "மாப்பிள்ளை சந்தனம் வச்சாரா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆயுத பூஜைக்குக் கிண்ணத்தை என் கையில் தருவதே இல்லை.

போன மாதம் எனக்கு ஒரு பக்கக் காது கேட்கவில்லை. நரம்பு போய்விட்டது, இனி மெஷின்தான் என்று நானே முடிவுகட்டி மதுரைக்குப் போனேன். டாக்டர் ஏதோ பெரிய பரிசோதனைக்குச் சீட்டு எழுதப் போனார்.

"மொதல்ல டார்ச் அடிச்சுப் பாத்துருங்க சார்" என்றாள் முத்துலட்சுமி.

அவர் பார்த்தார். அடைத்திருந்த அழுக்கை எடுத்துவிட்டார். எடுத்ததும் எனக்குக் காதில் முதலில் விழுந்தது அவள் சிரிப்புத்தான்.