தலைவர் ரத்தம் கொடுத்த கதை

சேவை மன்றத்தின் புதிய தலைவராகப் பதவியேற்ற அன்றைக்கே கண்ணாடிக்கடைக்காரர் ஒரு தப்புக் காரியம் செய்தார். மைக்கைப் பிடித்துவிட்டார்.

மைக்கைப் பார்த்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இவருக்கு நாக்கு கட்டறுத்துக்கொண்டு ஓடும். மற்றபடி நல்ல மனுஷர். ஊரில் எத்தனையோ பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுத்தவர். வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு மன்றம் துணிமணி சேர்த்தபோது, தன் சட்டைகளில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் பட்டன் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தபோது ஒவ்வொன்றிலும் தானே உட்கார்ந்து உருட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார்.

அன்றைக்கு மன்றத்தின் செயலாளர், அதாவது இரும்புக் கடைக்காரர், எழுந்து ஒரு விஷயம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கையிருப்பு இல்லையாம். பிரசவத்துக்கு வந்தவர்களும், விபத்தில் அடிபட்டவர்களும் தவித்துக்கொண்டிருக்கிறார்களாம். ஆபரேஷன்கள் தள்ளிப்போகின்றனவாம். நாம் ஒரு ரத்ததான முகாம் நடத்தலாமா?

மண்டபம் கப்சிப். ஒருத்தர் கூரையைப் பார்த்தார். ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். ஒருத்தர் வராத போனை எடுத்து "ஹலோ" என்றபடி வெளியே போனார். தலைவருக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை.

"நடத்துவோம்!" என்று மைக்கில் முழங்கினார். "முதல் பாட்டில் ரத்தம் இந்தத் தலைவனின் ரத்தம்! என் கையில் ஊசி இறங்கின பிறகுதான் அடுத்தவர் கையில் ஊசி இறங்கணும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரே ஒரு ஆள் மட்டும் கைதட்டவில்லை. அது அவர் மனைவி.

அம்மாள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். கற்றுக்கொடுப்பதும் அவள்தான். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? வீட்டிலும் அப்படி ஒன்று அவள் காலடியில் இருந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்ட ஆளை எப்படிப் பார்ப்பாளோ, அப்படித்தான் மேடையில் நின்ற புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ரத்த தானம்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிதானம் வேணாமா?"

"ஏன், என் உடம்புல ரத்தம் இல்லையா?"

"இருக்கு. ஊசியக் கண்டா அது எங்க போய் ஒளிஞ்சுக்குதுன்னுதான் தெரியல."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப நான் தலைவர்."

"அப்பவே தலை சுத்திச்சு. இப்ப தலைவர் வேற. இன்னும் நல்லா சுத்தும்."

அவள் சொன்னது ஒரு பழைய கதையை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தாள். குழந்தை வீலென்று ஒரு தரம் அழுது, உடனே நர்ஸின் வளையலைப் பார்த்துச் சிரித்துவிட்டது. கட்டிலில் படுக்க வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தது அப்பாவுக்கு. ஒரு தோளில் குழந்தையையும் மறு தோளில் புருஷனையும் சாய்த்துக்கொண்டு அவள் டாக்ஸி பிடித்து வீடு வந்தாள். அந்த ரகசியம் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவளும் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் மட்டும் அடிக்கடி சொல்வாள்.

மறுநாளிலிருந்து தலைவருக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. கண்ணைச் சோதிக்க வந்த ஒருத்தர் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் மடமடவென்று படித்தார். "உங்களுக்குப் பார்வை ரொம்ப மோசம்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். யோசனையெல்லாம் ஒன்றில்தான் இருந்தது. மானமும் போகக் கூடாது, ரத்தமும் போகக் கூடாது. வழி என்ன?

வழியைச் செயலாளரே காட்டினார். யார் யார் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதைக் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் கூடாது. சமீபத்தில் பல் பிடுங்கியவர்கள் கூடாது.

பல்! தலைவர் நாக்கால் தன் பற்களை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். கடைவாயில் ஒன்றை நாட்டுக்காகத் தியாகம் செய்தால் என்ன? அன்று சாயங்காலமே பல் டாக்டரிடம் போனார்.

"எந்தப் பல் வலிக்குது?" என்றார் டாக்டர்.

"எதுவும் வலிக்கல. உங்களுக்குப் பிடிச்சதா ஒண்ணு பிடுங்குங்க."

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, முதல்ல ஈறு மரத்துப்போறதுக்கு ஒரு ஊசி..."

மிச்ச வாக்கியத்தைக் காலி நாற்காலிதான் கேட்டது.

மீதி இருந்தது சளி. அது ஊசி இல்லாமல் வரக்கூடிய சமாசாரம். முகாமுக்கு முந்தின விடுமுறை நாளன்று மத்தியானம் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, துவட்டாமல், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய டப்பா நிறைய ஐஸ்கிரீம். வெயிலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்த மனைவி, "அட, எனக்காகவா வாங்கி வெச்சிருக்கீங்க!" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? இருவரும் அதே காற்றில் அதே டப்பாவைக் காலி செய்தார்கள். பல வருஷம் கழித்து அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அவருக்குக்கூடக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சளி வந்தது. விலாசம் மட்டும் தப்பிப்போயிற்று.

மறுநாள் காலையில் அவர் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாலைவனம். பக்கத்து அறையிலிருந்து "அச்சு! அச்சு! அச்சு!" என்று சத்தம். மனைவியின் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. அவர் ஓடிப்போய் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். தைலம் தேய்த்துவிட்டார். துண்டை மடித்துக் கொடுத்தார். குற்றமுள்ள நெஞ்சு அன்றைக்கு ரொம்பச் சுறுசுறுப்பாக வேலை செய்தது.

"போதுங்க, உக்காருங்க," என்றாள் அவள். "பல் டாக்டர் எங்கிட்டதான் வண்டி கத்துக்கறார். தெரியுமில்ல?"

அவர் உட்கார்ந்தார்.

"நேத்து கிளாஸ்ல சொன்னார். உங்க வீட்டுக்காரர் நல்ல பல்ல பிடுங்கச் சொன்னார், பாவம், வீட்ல ஏதாவது பிரச்சினையான்னு கேட்டார். அப்புறம் எதுக்கு ஐஸ்கிரீம்னு எனக்குப் புரியாதா?"

"புரிஞ்சுமா சாப்பிட்ட?"

"ஐஸ்கிரீம் மேல எனக்கு என்ன கோவம்?" என்று ஒரு தும்மல் போட்டாள். பிறகு குரல் மாறியது. "ஆனா ஒண்ணுங்க. நான் வருஷம் தவறாம ரத்தம் குடுக்கறவ. இந்த மூக்கை வெச்சுக்கிட்டு இந்தத் தடவை என்னால முடியாது. அதுதான் கஷ்டமா இருக்கு."

அவர் தைல டப்பாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க. இப்பவே செயலாளருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். பயம்கறது தப்பில்ல. யாரும் உங்களக் குறை சொல்ல மாட்டாங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அவளுடைய சிவந்த மூக்கைப் பார்த்தார்.

"வேணாம். நானே குடுக்கறேன்," என்றார். குரல் மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தது. "நீ பக்கத்துலயே இரு."

முகாம் நாளன்று மன்றத்து மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மூட்டை தூக்குபவர்கள், கண்டக்டர்கள், துணிக்கடைப் பெண்கள், அம்மாளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களும் என்று எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விரிப்புகள், ஸ்பிரிட் வாசனை. ஆனால் ஒருத்தரும் கட்டிலில் ஏறவில்லை. எல்லாக் கண்ணும் வாசலிலேயே இருந்தது.

"வாங்க தலைவரே!" என்று செயலாளர் ஓடி வந்தார். "நீங்க சொன்ன மாதிரியே முதல்ல நீங்கதான்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க படுத்தாத்தான் நாங்க படுப்போம்கறாங்க."

தலைவர் அங்கேயே படுத்துவிடுவார் போலிருந்தது. மனைவி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் விரல் நுனியில் ஒரு குத்து. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நர்ஸ் "ஆச்சு சார்" என்றதும் கண்ணைத் திறந்து, "அவ்வளவுதானா? முகாம் நல்லபடியா முடிஞ்சது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

"இது சும்மா ரத்தத்தைப் பார்க்கறதுக்கு சார். உங்க குரூப் என்ன?"

"பி பாசிடிவ்."

"பேர்ல மட்டும்தான்மா பாசிடிவ்," என்று மனைவி மூக்கைத் துடைத்தாள்.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "இதை அமுக்கி அமுக்கி விடுங்க சார்" என்றாள் நர்ஸ். தலைவருக்குப் பந்தும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. கூரை மட்டும் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"சிஸ்டர், ஒரே ஒரு வேண்டுகோள். என்னைக்கு... இல்ல, எப்பக் குத்தப் போறீங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் இந்தப் பக்கமே பாக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

"சரி சார்."

முகத்தை மனைவி பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய மறு கையைப் பிடித்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"என்ன?"

"வாசல்ல நிறுத்தின உங்க ஸ்கூட்டரை ஒருத்தருக்கு ஓட்டிப் பழகக் குடுத்துட்டேன்."

தலைவரின் கண்ணில் கூரை டக்கென்று சுற்றுவதை நிறுத்தியது. அந்த ஸ்கூட்டர் அவர் வாலிபத்தில் வாங்கியது. தன்னைத் தவிர யாரையும் தொடவிடாமல், வாராவாரம் பழைய பனியனால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"எந்த ஸ்கூட்டர்?"

"நம்ம வீட்ல எத்தனை ஸ்கூட்டர் இருக்கு?"

"யாருக்குக் குடுத்த?"

"பல் டாக்டருக்கு. கார்ல பழகும்போது ரெண்டு தடவை மரத்துல மோதிட்டார். சரி, சின்ன வண்டியில முதல்ல பழகட்டும்னு..."

"மரத்துல மோதினவனுக்கா!" சுருக்கென்றது. அவள்தான் கிள்ளினாள் என்று நினைத்தார். "ஏன் கிள்ற? கிள்ளினா விட்டுடுவேனா? யாரக் கேட்டுக் குடுத்த?"

"உங்களைக் கேட்டா குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டேன்! அதனாலதான் கேக்கணும்!" பந்தை ஓங்கி ஓங்கி அமுக்கினார். "உன் காரை நான் என்னைக்காவது தொட்டிருக்கேனா? அதோட கண்ணாடியில என் முகத்தைப் பார்த்தாலே 'தள்ளுங்க, கண்ணாடி நகந்துடும்'ங்கற. கண்ணாடி விக்கற எங்கிட்டயே! இப்ப என் வண்டின்னா மட்டும் ஊருக்குப் பொதுவா?"

"அது சரிதான்," என்றாள் மெதுவாக.

தலைவர் அசந்துபோனார். அவள் வாயிலிருந்து "அது சரிதான்" என்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று! ஆளுக்குப் புதுத் தெம்பு வந்துவிட்டது. கல்யாணமான நாள் முதல் பேசாமல் விழுங்கியதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார். டி.வி.யின் ரிமோட் யார் கையில் இருக்கிறது? அலமாரியில் அவருக்கு ஏன் ஒரே ஒரு தட்டு? அவர் பேசும்போது அவள் ஏன் நடுவில் பேசுகிறாள்? ஒவ்வொன்றுக்கும் பந்து நசுங்கியது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நியாயம்தான்... நியாயம்தான்..." என்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். கல்யாணமான ஆண்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அப்ப தப்புன்னு ஒத்துக்கறியா?"

"தப்புதாங்க. என் மேலதான் தப்பு."

"எல்லார் காதிலயும் விழற மாதிரி சொல்லு!"

"என் மேலதான் தப்பு!"

தலைவர் வெற்றியோடு தலையணையில் சாய்ந்தார். நர்ஸ் அவர் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து மடக்கினாள்.

"முடிஞ்சது சார்."

"ஆமா, முடிச்சுட்டேன்."

"ரத்தம் எடுத்து முடிஞ்சது சார். இப்படிப் பந்தை அமுக்கி, இவ்வளவு வேகமா யாரும் பை நிறைச்சு நான் பாத்ததில்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் கையில் குண்டாக, கதகதப்பாக, ஒரு பை. தலை சுற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று ஒரு கணம் காத்திருந்தார். சுற்றவில்லை. மண்டபம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. கண்டக்டர் ஒருத்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுத்த கட்டிலில் ஏறினார். அப்புறம் மூட்டை தூக்குபவர்கள், துணிக்கடைப் பெண்கள். கட்டில்கள் மளமளவென்று நிறைந்தன. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவருக்கும் கண் கலங்கியது. தன்னுடைய அந்தப் பை எந்த ஆபரேஷனுக்குப் போகுமோ, யாரைக் காப்பாற்றுமோ என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. மைக் எங்கே என்று தேடினார். மனைவி அதை முன்பே எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.

பழச்சாறும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வெளியே வந்தால், வாசலில் ஸ்கூட்டர் விட்ட இடத்திலேயே நின்றது. ஒரு கீறல் இல்லை. பனியன் துணிகூட மடித்தது மடித்தபடி இருக்கைக்கடியில் இருந்தது.

"அப்ப பல் டாக்டர்?"

"அவர் கையில யாராவது வண்டியக் குடுப்பாங்களா? இன்னைக்கு நீங்க வண்டி ஓட்டக் கூடாது, ரத்தம் குடுத்திருக்கீங்க. பின்னாடி ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. ஆனாலும் மனசு விட்டுக்கொடுக்கவில்லை.

"எது எப்படியோம்மா. இன்னைக்கு ஊர் பாக்க உங்கிட்ட நான் ஜெயிச்சுட்டேன். அத நீ மறுக்க முடியாது."

"மறுக்கலியே," என்று ஒரு தும்மல் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள் அவள். "மறுபடி ரத்தம் குடுக்க மூணு மாசம் ஆகணுமாம். அதுவரைக்கும் நான் ஜெயிச்சுக்கறேன்."