பிரமிடு அண்ணாச்சியும் எட்டு அங்குலச் சுவரும்

துபாய் வெயிலைத் தாங்கிவிடலாம்; பிரமிடு அண்ணாச்சியைத் தாங்க மனித ஜென்மத்தால் முடியாது. அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் அவரோடு ஒரே ரூமில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

திருநெல்வேலிக்காரர். எங்கள் சைட்டில் மேஸ்திரி. மற்றவர்கள் கட்டில் தலைமாட்டில் பிள்ளைகள் படமோ சாமி படமோ இருக்கும். இவர் தலைமாட்டில் இடுப்பு ஒடிந்த ஒரு பிரமிடு படம். கட்டியவர் ஸ்னெஃப்ரு, எகிப்தின் நாலாவது வம்சத்து முதல் ராஜா. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, அந்த ராஜாவைச் சொந்தச் சித்தப்பா ஆக்கிவிட்டார் மனுஷன்.

லீவு நாளில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. என் தட்டை இழுத்து, சோற்றைச் செங்குத்தாகக் குவித்து, உச்சியில் ரசத்தை ஊற்றுவார். சோறு சரியும்.

"பாத்தியாலே? மொத பிரமிடு இப்படித்தான் சரிஞ்சுது. ரெண்டாவதைப் பாதி கட்டுன பொறவு பயந்துபோய்ச் சாய்வைக் கொறச்சாரு, கோணிப்போச்சு. மூணாவதுதான் ஒழுங்கா நின்னுச்சு. அதுக்குப் பொறவுதான் மவன் கூஃபு பெரிய பிரமிடைக் கட்டுனான்."

"அண்ணாச்சி, பசிக்குது."

"ஒனக்கு எப்பவும் சோத்து நெனப்புதாம்ல!"

எங்கள் இன்ஜினியர் கெய்ரோக்காரர். அவரையும் டீ நேரத்தில் மடக்கி, அவர் ஊர் ராஜாக்களைப் பற்றி அவருக்கே ஹிந்தியில் பாடம் எடுப்பார். பாவம், அண்ணாச்சி குரல் கேட்டாலே அவர் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்.

ஒரு நாள் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. அளவுக்கு இழுத்துக் கட்டிய நூலுக்கு உள்பக்கம் கட்ட வேண்டிய சுவரை வெளிப்பக்கம் கட்டிவிட்டேன். ஒரு கல் அகலம், முழுசாக எட்டு அங்குலம், வராந்தாவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. டேப் பிடித்துப் பார்த்த இன்ஜினியர், "கலாஸ்! முடிஞ்சுது! இவனை ஊருக்கு அனுப்பு" என்று கத்தினார். என் வேலையை நம்பித்தான் தங்கை கல்யாணத்துக்கு வீட்டில் தேதி குறித்திருந்தார்கள்.

அண்ணாச்சி முன்னால் வந்தார். எனக்காகக் கெஞ்சப்போகிறார் என்று பார்த்தால், வாயைத் திறந்ததும் ஸ்னெஃப்ரு! ஒன்று விழுந்தது, ஒன்று கோணியது, ஒன்று நின்றது என்று ஹிந்தியும் சைகையுமாக ஆரம்பித்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

"சாப், ராஜா கோ தீன் சான்ஸ். இஸ்கோ தோ." ராஜாவுக்கு மூன்று விரலைக் காட்டினார். என்னைக் காட்டி, இரண்டு விரல்.

இன்ஜினியர் முறைத்தார். பிறகு அவர் உதடு துடித்தது; சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு நாளில் இடித்துக் கட்டச் சொல்லிவிட்டு, "யல்லா, யல்லா! கிளம்பு" என்று தப்பித்தால் போதுமென நடந்தார்.

ஒற்றை ஆளாக முடிகிற வேலையா அது? மேஸ்திரி சம்மட்டி தூக்குவது கௌரவக் குறைச்சல் என்பார்கள். அண்ணாச்சி தூக்கினார். கூடவே நின்று இடித்தார், கல் சுமந்தார், தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேர் பார்த்தார். வாய் மட்டும் ஓயவில்லை. கூஃபு, கூஃபுவின் மகன், பேரன் என்று வம்சமே என் காதுக்குள் குடியேறிவிட்டது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நான் சும்மா இருந்தா நீ அழுதுருவலே."

உண்மைதான். தூசி விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்தப் பேரன் என்ன கட்டுனான்? சொல்லுங்க" என்றேன்.