ஹவாய் வேண்டாம்

என்ன ஆனாலும் இந்த வருஷம் ஹவாய்க்குப் போவதில்லை என்று சேனாபதி சபதம் எடுத்துக்கொண்டார். அவரை ஹவாய்க்கு யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். கூப்பிடப் போகிறார்கள் என்று அவர் மூக்கு சொல்லிவிட்டது. கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து நியூ ஜெர்சி வரை அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததே அந்த மூக்குதான் என்பது அவர் கட்சி.

ஆரம்பித்து வைத்தது ஒரு வீடியோ கேசட். தொண்ணூற்றாறாம் வருஷம், மார்ச் மாதம். ஆபீஸ் முடிந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் நின்றுவிட்டார். மனைவி பவளம் கறுப்பு வெள்ளையில் பழைய ஹாலிவுட் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் உடைந்து தீவில் கரை ஒதுங்கிய வெள்ளைக்காரன் ஒருவன், சட்டை இல்லாமல், தென்னை மரத்தில் சாய்ந்து நின்றான். காதோரம் செம்பருத்தி வைத்த பெண் அவனுக்கு இளநீர் நீட்டினாள். இங்கிலீஷ் படம் என்றால் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிற பவளம் கண் கொட்டாமல் பார்த்தாள்.

மறுநாள் வேறு தீவு. அதற்கு மறுநாள் முத்துக் குளிக்கிற தீவு. லைப்ரரியில் இருந்த தீவுகள் தீர்ந்ததும் தபாலில் தீவுகள் வர ஆரம்பித்தன. அனுப்பியவள் கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் இருக்கும் சாந்தாமணி. சேனாபதியின் ஹாஸ்டல் ரூம்மேட் செல்வராஜின் மனைவி.

சேனாபதி முதலில் சந்தேகப்பட்டது அந்தச் சட்டையில்லாத ஆளைத்தான். பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தார். கழற்றியதைவிட வேகமாக மாட்டிக்கொண்டார். பிறகுதான் ஹவாய் என்ற வார்த்தை அவர் மண்டையில் உறைத்தது.

அந்த வீட்டில் விடுமுறைக்கென்று ஒரு சட்டம் உண்டு. தெரிந்தவர் வீடு இல்லாத ஊருக்குப் போவது கிடையாது. நம்ம ஊர்க்காரர் ஒருவரின் ஹாலில் ஸ்லீப்பிங் பேக் விரிக்க இடம் இருந்தால் அது சுற்றுலாத் தலம். இல்லாவிட்டால் அது மேப்பில் ஒரு புள்ளி. ஆகவே ஒரு ஜூலையில் செல்வராஜ் குடும்பம் இங்கே வரும், அடுத்த ஜூலையில் இவர்கள் அங்கே போவார்கள். சிநேகிதர்கள் இருவரும் பேக்யார்டில் உட்கார்ந்து பத்து நாளும் சீட்டாடுவார்கள். நடுவில் கோயிலுக்கு ஒரு நடை. பவளமும் சாந்தாமணியும் முதல் நாள் கொண்டையை முடிந்துகொண்டு சமையலறைக்குள் போனால், ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதுதான் வெளியே வருவார்கள். பெண்களுக்கும் பேச்சுத் துணை ஆச்சு பாருங்கள் என்று சேனாபதி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

இந்த ஜூலை லிவர்மோர் முறை. லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. சீட்டுக் கட்டுகூடப் புதிதாக வாங்கியாயிற்று. அதில் கை வைக்கத்தான் சதி நடக்கிறது என்று சேனாபதிக்குப் பட்டது. அவர் உள்ளே நுழைந்தால், பவளம் "அப்புறம் பேசறேன் சாந்தா" என்று போனை வைத்தாள். காலண்டரில் ஜூலைக் கடைசிப் பத்து நாளைச் சுற்றி சிவப்பு மை. இரண்டு பெண்களும் சேர்ந்து இரண்டு குடும்பத்தையும் ஹவாய்க்குக் கிளப்பப் பார்க்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எதிரியின் ஆயுதத்தாலேயே எதிரியை அடிப்பது என்று முடிவு செய்தார். ஒரு சனிக்கிழமை, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேசட்டுகளை வரிசையாகப் போட்டார். சுறா, புதைமணல், விஷ அம்பு, சூறாவளி என்று குறித்துக்கொண்டே வந்தார். செம்பருத்திப் பெண்ணை எரிமலையில் தள்ளக் கூட்டிப்போன இடத்தில் பேனா நின்றுவிட்டது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரீவைண்ட் செய்து இன்னொரு தடவை பார்த்தார். மகள் யாமினி எட்டிப் பார்த்து, "டாட், ஆர் யூ க்ரையிங்?" என்றாள். சளி என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர் தொடங்கியது. பவளம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு பவளம். ஹவாய் வேண்டாம்."

"நான் எப்பங்க ஹவாய்னு சொன்னேன்?"

"சொல்லப் போறே. அங்க எரிமலை இருக்குது. சுறா இருக்குது. எல்லாத்துக்கும் மேல, நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லை. எங்க போய்த் தங்கறது?"

பவளம் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அதுவும் சரிதானுங்க. வேண்டாம் விடுங்க."

ஒரு மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு ஒரு நிமிஷத்தில் வெற்றி. ஜெயித்தவருக்கு உட்காரவும் தெரியவில்லை, எழுந்து போகவும் தெரியவில்லை. அவள் கண்ணில் வேறு நீர் கட்டியிருந்தது. வெங்காயமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாவம், எத்தனை கேசட் போட்டு ஆசையை வளர்த்திருப்பாள் என்று நிஜமாகவே மனசு இளகிவிட்டது.

"ஹவாய் தவிர வேற என்ன வேணும்னாலும் கேளு. மறு பேச்சே கிடையாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"கோபிக்காரன் பேச்சு மாறினதா சரித்திரமே இல்லை."

"அப்படின்னா, குழந்தைங்களை நீங்களே லிவர்மோர் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

சேனாபதியின் மூக்கு உடனே விடைத்தது. "தனியா உக்காந்து என்ன பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்." பவளம் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்களும்தான் அத்தனை படம் பாத்தீங்களே. ஒரு படத்துலயாவது அந்தத் தீவுல ஒருத்தி அடுப்புப் பத்த வெச்சாளா?"

சேனாபதி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். எரிமலைதான் எரிந்திருந்தது. அடுப்பு எங்கேயும் இல்லை.

யோசிக்க யோசிக்க, இதில் தனக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. லிவர்மோரில் சாந்தாமணி இருக்கிறாள். அவள் வைக்கும் அரிசிம்பருப்புச் சாதத்துக்குப் பவளத்தின் கையே ஒரு மாற்றுக் குறைவுதான். இதை வெளியே சொல்கிற அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

ஜூலையில் நுவார்க் ஏர்போர்ட்டுக்குப் பவளமே காரில் கொண்டுவந்து விட்டாள். குழந்தைகளைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்துக் கை அசைத்துச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. டென்வர் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு அவரை உறுத்திக்கொண்டே வந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் செல்வராஜ் தன் இரண்டு பையன்களோடு நின்றிருந்தான். சட்டையில் மஞ்சள் கறை. கட்டை விரலில் பிளாஸ்திரி. சேனாபதி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சாந்தாமணி வரலையாடா?"

"காலையிலதான் நியூ ஜெர்சிக்கு ஃப்ளைட் ஏத்தி விட்டேன். பவளம் கூடப் பத்து நாள் இருந்து படம் பாக்கப் போறாளாம். உனக்குத் தெரியாதா?"

சேனாபதிக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போது முழுசாகப் புரிந்தது. சூட்கேஸைக் கீழே வைத்தார்.

"நீ எப்படிடா ஒத்துக்கிட்டே?"

"ஹவாய் வேண்டாம், வேற என்ன வேணும்னாலும் கேளுன்னு வாய விட்டுட்டேன்டா."

நான்கு குழந்தைகளும் பசிக்கிறது என்று இங்கிலீஷில் ஒரே குரலில் சொன்னார்கள். செல்வராஜ் நெருங்கி வந்து, யாருக்கும் கேட்காமல் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அதை விடு மாப்ளே. அரிசிம்பருப்புக்குக் குக்கர்ல எத்தனை விசில்?"