மெமரியைத் தின்பது யார்

அறையில் இருந்தவர்கள்: ராஜவேல், ஒரு சர்வர், காற்று வராத ஒரு ஏசி. வெளியே ஸ்டூலில் வாட்ச்மேன் மொக்கைச்சாமி. ஞாயிறு மதியம், நெருப்பெரிச்சலில் இருக்கும் பனியன் கம்பெனியில் வேறு ஈ காக்காய் இல்லை.

பொங்கலுக்கு ஒரு தடவை நின்ற சர்வர், இப்போது சனிக்கிழமையானால் நின்றுவிடுகிறது. ஏதோ ஒரு புரோகிராம் மெமரி முழுவதையும் தின்கிறது. அதைப் பிடிக்க ராஜவேல் ஒரு லினக்ஸ் கருவியைப் போட்டிருந்தான். தன்னைத் தவிர மற்ற புரோகிராம்கள் எல்லாம் எவ்வளவு தின்கின்றன என்று நொடிக்கு நொடி குறித்து, அத்தனையையும் மெமரியிலேயே வைத்திருக்கும். கேட்டால் ரிப்போர்ட் தரும். இதுவரை தந்ததில்லை. ரிப்போர்ட் எடுக்கிற ஸ்கிரிப்ட் பாதியில் படுத்துவிடும்.

போன் அடித்தது. முதலாளி சிவசுப்பிரமணியம்.

"ஏனுங்க ராஜவேலு, கண்டுபுடிச்சாச்சுங்களா?"

"பாத்துட்டே இருக்கறனுங்க."

"பொங்கல்ல இருந்து பாக்கறீங்க. இன்னைக்கு ஆகலீன்னா கோயமுத்தூர்க் கம்பெனிக்குக் குடுத்தர்றேன். இங்க ஆளே வேண்டாமாம், அங்கிருந்தே பாத்துக்குவாங்களாம்."

ஆள் வேண்டாம் என்றால் ராஜவேல் வேண்டாம். காலேஜைப் பாதியில் விட்டு, நிட்டிங் மெஷினில் நைட் ஷிஃப்ட் ஓட்டிக்கொண்டே கற்ற வேலை. இதுவும் போனால் இதே ஊர் ராயபுரத்தில் அவன் தங்கும் ஒற்றை அறைதான். அங்கே பேச ஆள் கிடையாது.

திரையை முறைத்ததில் ஒன்று பிடிபட்டது. ஸ்கிரிப்டைப் படித்து வேலை நடத்தும் ஷெல், அவன் லேப்டாப்பில் பாஷ், சர்வரில் டாஷ். பாஷுக்கு எழுதிய இரட்டை அடைப்புக்குறி டாஷுக்குப் புரியாது. ஒற்றையாக்கினான். பாதியில் படுத்த ஸ்கிரிப்ட் இப்போது தொடக்கத்திலேயே படுத்தது.

கடுப்பில் சர்வர் முழுவதற்கும் பாஷையே வைத்து ரீஸ்டார்ட் செய்தான். மூலையில் ஸ்டிக்கர் பிரிண்டர் விழித்துக்கொண்டது. நாளைய லாட்டின் சைஸ் ஸ்டிக்கர்கள் கறகறவென்று வந்தன. ஸ்டிக்கர் அடிக்கிற ஸ்கிரிப்ட் டாஷை நம்பி எழுதியது. வரி முறிய வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு சாய்கோடும் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் விழுந்திருந்தன.

மொக்கைச்சாமி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஞாயித்துக்கெழமையும் ஸ்டிக்கர் ஓடுது?"

"பிளக்கைப் புடுங்குங்ணா."

பிடுங்கினார். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் அணைந்தது.

"அதில்லீங்ணா."

"அதத்தேன் நானும் நெனச்சேன்."

எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, ரிப்போர்ட் ஸ்கிரிப்டை மட்டும் பாஷிடம் கொடுத்தான். ஓடியது. முதலிலேயே செய்திருக்கலாம். முதலாளியைக் கூப்பிட்டான்.

"சரியாயிருச்சுங்க. ஒரு வாரம் ஓட உட்டாப் போதும். அடுத்த ஞாயிறு திங்கறவன் பேரச் சொல்லீர்றனுங்க."

"ஒரு வாரந்தானுங்க, பாத்துக்குங்க."

ஷிஃப்ட் முடிந்தாலும் மெஷினை நிறுத்தாமல் அடுத்த ஆளுக்கு ஓடவிட்டுப் போவது நிட்டிங்காரன் பழக்கம். தானாக ஓடத் தெரியாத கருவியை ஒவ்வொரு ஞாயிறும் போலவே கையால் தட்டி ஓடவிட்டு, திரையை மட்டும் அணைத்தான். இங்கே அடுத்த ஆள் யாருமில்லை.

மொக்கைச்சாமி பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார். "அடுத்த ஞாயிறும் வருவீகள்ல?"

"எனக்கு வேற எங்கீங்ணா போக்கு?"

"வாங்க. எனக்கும் பேச்சுத்தொணையாச்சு." அவனை வெளியே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார் மொக்கைச்சாமி. "ஆனா ஒண்ணு தம்பி. நீங்க காச்சலாப் படுத்து வராம இருந்தீகள்ல, கரண்டு போயி வந்து சர்வரு தானா ஓடுச்சே, அந்த ஒரு வாரந்தேன் இது நிக்கவேயில்ல."