விரைவில் வருகிறேன்

“இன்னொரு தடவை ‘விரைவில்’ என்று எழுதினால், கடுதாசியைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன்.”

ஊரிலிருந்து வெள்ளையம்மா இப்படி எழுதச் சொல்லியிருந்தாள். மலாயாவில், ஜொகூரின் கூலாய்த் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவும் அவள் புருஷன் அர்ச்சுனன், ஆறு வருஷமாக அந்தச் சொல்லைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தான். பொய்யில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லீவு தருகிறேன் என்பார்; பிறகு ஆள் போதவில்லை என்பார்.

கடிதம் எழுதித் தரும் ஆபீஸ் கிராணி செபஸ்தியன் மூக்கைச் சொறிந்தார்.

“விரைவிலுக்கு எல்லையே கிடையாது லா. நாளைக்கும் விரைவில், பத்து வருஷமும் விரைவில். ‘சில நாளில்’னு போடுவோம்.”

போட்டார்கள். வெள்ளையம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு சேவலையும் கொழுக்க வைத்தாள். நாற்பது நாள் பார்த்துவிட்டு, சேவலைத் தனியாகவே தின்றதாகப் பதில் வந்தது.

“அடுத்த கப்பல்லன்னு எழுதுங்க கிராணி. அப்பத்தான் நம்புவா.”

நம்பினாள். அதுதான் வம்பாயிற்று. கட்டுச்சோற்றோடு நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய், மூன்று கப்பலில் இறங்கியவர்களையெல்லாம் முகம் முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். இனி எழுதவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தன்னைத் தேடிய அந்த முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அர்ச்சுனன் நினைத்துப் பார்த்தான். மூக்குத்திதான் ஞாபகம் வந்தது.

“‘புறப்பட்டுவிட்டேன்’னு போடுங்க.”

“போட்டா போயே ஆகணும்பா.”

“போவேன்.”

அந்தக் கடிதத்துக்கு ஊரிலிருந்து பதில் வரவில்லை. ஐந்து மாதம் தினமும் துரையின் வாசலில் போய் நின்றான். அவன் தொல்லை தாங்காமல் துரை கையெழுத்துப் போட்டார்.

ரயிலடிக்குப் போகச் சதாசிவத்தின் மாட்டுவண்டியில் ஏறினான். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அரிசி மூட்டை ஏற்றுபவர் அவர். யாரைப் பார்க்கப் பயணம் என்று கேட்டார். அர்ச்சுனன் மனைவியின் பேரையும் ஊரையும் சொன்னான்.

வண்டி நின்றது.

“அந்தம்மா இங்க தெப்ராவ் தோட்டத்துலல்ல இருக்கு” என்றார் சதாசிவம். “ஜொகூர்னா ஒரே தோட்டம்னு நினைச்சு, ஆளெடுக்க வந்த கங்காணியோட கூலியாக் கப்பலேறி வந்திருச்சு. புருஷன் பேரை வாயால சொல்லாது, நாங்க யாருன்னு தேடுறது? கூலாய்க்கு நானே போய்த் தேடிக்கிறேன்னு கெளம்பி நிக்குது. நாலு மாசமா அங்க உள்ள துரையும் லீவு குடுக்கல.”